‘யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்’ என்றால் யார் வருவார்கள்?

கேள்வி: நான் ஓர் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் படிக்கும் மாணவர்களுக்காக வருஷா வருஷம் இரண்டு மாதப் பயிற்சி நடத்துகிறோம், அதற்குப் பொறுப்பு நான்தான். அறிவியலில் இதுவரை அதிகம் இடம் கிடைக்காத சமூகங்களிலிருந்து பிள்ளைகள் வர வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறோம். ‘யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்’ என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் போடுகிறோம். ஆனாலும் விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். போன வருஷம் தேடிப்பிடித்து ஒரு மாணவரைச் சேர்த்தோம், அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். மூன்றாவது வாரம் ‘வீட்டில் கொஞ்சம் பிரச்சினை’ என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. உதவித்தொகையும் உண்டு, பயிற்சி முடிந்ததும் மொத்தமாகக் கணக்கில் போட்டுவிடுவோம். எங்கள் பக்கம் என்ன குறை? அவர்களுக்கு ஆராய்ச்சியில் ஆர்வமே இல்லையா? தரத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் வருவார்களா? எங்கள் அறிவிப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: ‘பயிற்சி முடிந்ததும் மொத்தமாகக் கணக்கில் போட்டுவிடுவோம்.’ அந்தத் தம்பி மூன்றாவது வாரம் ஏன் போனார் என்பதற்கு விடை அந்த வரியிலேயே இருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு மாதம் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அவர் கையிலிருந்து போட வேண்டும், பணம் கடைசியில்தான் வரும். கையிருப்பு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஆனால் விடுமுறை விட்டதும் ஏதாவது வேலைக்குப் போய் வீட்டுக்குக் கொடுக்கிற பிள்ளைக்கு உங்கள் பயிற்சி இரண்டு பக்கமும் அடி, வர வேண்டிய சம்பளம் வராது, இருப்பதும் கரையும். மூன்று வாரம் அவர் தாக்குப் பிடித்ததே அவருக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்த மூன்று வாரத்தை யாரிடமோ கைமாற்று வாங்கித்தான் ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அதை உங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. ‘வீட்டில் கொஞ்சம் பிரச்சினை’ என்பது பணமில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்கிற வழி.

எனவே ஆர்வம் இல்லையோ என்ற சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்துப் பயிற்றுவிக்கிற ஆளாகச் சொல்கிறேன், ஆர்வம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிறக்கிறது. அதைத் தாங்கிப்பிடிக்கிற பணமும், தகவலும், ‘நீ கேள், தப்பில்லை’ என்று சொல்கிற ஓர் ஆளும்தான் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொள்கின்றன. மேகநாத் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களின் ஒளிப்பட்டையைப் பார்த்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழிகாட்டிய சமன்பாட்டை 1920-இல் தந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில், ஒரு சிறு கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்தவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க ஊரில் பள்ளி இல்லை, வேறு ஊருக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. பள்ளி இருந்த ஊரில் ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். அந்தச் சிறுவனின் கணக்கு மூளையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த மருத்துவர் வீட்டுத் திண்ணைதான் நினைவில் நிற்கிறது. அது கிடைக்காமல் போயிருந்தால் மூளை அப்படியே இருந்திருக்கும், சமன்பாட்டை வேறு யாராவது வேறு ஒரு வருஷத்தில் எழுதியிருப்பார்கள்.

உங்கள் நிறுவனம் செய்ய வேண்டியதும் அந்தத் திண்ணையைக் கொடுப்பதுதான். முதல் நாளே உதவித்தொகையில் ஒரு பகுதி கையில் இருக்க வேண்டும், பிறகு வாரா வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பயணச்சீட்டை மாணவர் வாங்கி ரசீது கொடுத்துத் திரும்பப் பெறுகிற முறையை ஒழித்துவிட்டு நிறுவனமே முன்பதிவு செய்து அனுப்ப வேண்டும். தங்கும் இடத்துக்கு முன்பணம் கேட்கக் கூடாது. கணக்குப் பிரிவில் ‘இதற்கு விதி இல்லை’ என்பார்கள். நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அப்போது நான் செய்தது இதுதான்: பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் அதுவரை நாங்கள் செலவழித்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். விதி மாற ஏழு மாதம் ஆனது, ஆனால் மாறியது.

ஜோசலின் பெல் பர்னெல் தெரிந்திருக்கும். 1967-இல் மாணவியாக இருந்தபோது, சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சர்கள் என்ற நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர், 1974-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்கும் இன்னொருவருக்கும் போனது. 2018-இல் அவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தபோது, அதில் ஒரு காசுகூடத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் இயற்பியலில் இடம் குறைவாகக் கிடைக்கும் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் பிஎச்.டி. படிக்க உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார். கட்டடம் கட்டவோ விருது ஏற்படுத்தவோ அவர் நினைக்கவில்லை. மாதாமாதம் ஒரு மாணவரின் வாடகையைத் தீர்க்கிற பணமாகக் கொடுத்தார். எங்கே அடைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, அறிவிப்புக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்ததை, ஆராய்ச்சி நிறுவனம் என்ற ஒன்றையே இதுவரை பார்த்திராத 18 வயதுப் பிள்ளையாக என்னை நினைத்துக்கொண்டு படித்தேன். ‘நோக்க அறிக்கை ஒரு பக்கம்’ என்று இருக்கிறது. நோக்க அறிக்கை என்றால் என்ன? அதில் என்ன எழுத வேண்டும், சின்ன வயதில் வானத்தைப் பார்த்ததையா, மதிப்பெண்ணையா, உங்கள் பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளையா? வீட்டில் ஓர் அக்காவோ மாமாவோ ஆராய்ச்சியில் இருந்தால் ஒரு போனில் தெரிந்துவிடும், பழைய மாதிரி ஒன்றையும் அனுப்பிவைப்பார்கள். இல்லாதவர் அந்த இடத்திலேயே அறிவிப்பை மூடிவிடுவார். நாம் கேட்க விரும்புவது என்ன என்பதையே கேள்வியாக வைத்துவிடலாமே: ‘சமீபத்தில் எதைப் பார்த்து ஏன் இப்படி என்று யோசித்தீர்கள்? அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்தீர்கள்? பத்து வரிக்குள் எழுதுங்கள்.’ இப்படிக் கேட்ட வருஷம் எனக்கு வந்த பதில்களில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பாசி ஒரு பக்கம் மட்டும் ஏன் படிகிறது என்று ஒரு மாணவி நாலு நாள் வேளைக்கு ஒரு தடவை பார்த்து, வெயில் எந்த நேரம் எங்கே விழுகிறது என்று பென்சிலால் படம் போட்டு அனுப்பியிருந்தார். பழைய படிவத்தில் அந்தப் படத்துக்கு இடமே கிடையாது.

அடுத்து, ‘முன் ஆய்வக அனுபவம் விரும்பத்தக்கது.’ முதல் அனுபவத்தைக் கொடுக்கிற பயிற்சிக்கே முன் அனுபவம் கேட்டால் அது யாரை விலக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வரியை எடுத்துவிடுங்கள். ‘இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்’ என்பதை ஒன்றாக்குங்கள், அதையும் தேர்வான பிறகு வாங்கிக்கொள்ளலாம். 80 பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளையை எந்தப் பேராசிரியருக்குப் பெயர் சொல்லித் தெரியும்? கடிதம் கேட்கலாம், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அப்புறம், ஒரு தொலைபேசி எண் போட்டு, ‘சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், எந்தக் கேள்வியும் சின்னக் கேள்வி இல்லை’ என்று எழுதுங்கள், அந்த எண்ணை நீங்களே எடுங்கள். அறிவிப்பு உங்கள் இணையதளத்தில் மட்டும் இருந்தால் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். சின்னக் கல்லூரிகளில் அறிவியல் நடத்துகிற ஆசிரியர்களில் ஒரு பத்துப் பேரையாவது நேரில் பார்த்துப் பேசி, ‘உங்கள் வகுப்பில் விடாமல் கேள்வி கேட்கிற பிள்ளை யார்’ என்று கேளுங்கள். முதல் மதிப்பெண் யார் என்று கேட்காதீர்கள், அந்தப் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது.

இவ்வளவும் செய்து ஒரு மாணவர் உள்ளே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் இன்னொரு சுவர் இருக்கிறது, அதை நான் என் கையாலேயே தொட்டவள்.

எங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். முதன்முதலாக ஓர் ஆய்வகத்தில் கால் வைத்தபோது என்னிடம் மைக்ரோபிப்பெட்டைக் கொடுத்து ‘20 மைக்ரோலிட்டர் எடுத்துப் போடு’ என்றார்கள். துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கிற, பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான கருவி, தலையில் கட்டைவிரலால் அழுத்துகிற பொத்தான். அந்தப் பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. மெதுவாக அழுத்தினால் ஓர் இடத்தில் தட்டும், அதுவரை அழுத்தி, நுனியைத் திரவத்தில் வைத்து, விட்டால்தான் சரியான அளவு ஏறும். அதைத் தாண்டி இன்னும் பலமாக அழுத்தினால் இரண்டாவது நிலை, அது மிச்சச் சொட்டை வெளியே தள்ளுவதற்கு. எனக்கு இது தெரியாது. ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை அழுத்திவிட்டுத்தான் உறிஞ்சினேன். 20 எடுக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து வாரம் என் சோதனைகள் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. என்னோடு சேர்ந்த மற்ற மூவருக்கும் சரியாக வந்தது. அவர்கள் படித்த பள்ளிகளில் அந்தக் கருவி இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் இது கூடத் தெரியாமலா வந்தாய் என்று நினைப்பார்களோ என்ற பயம். இரவில் விடுதியில் படுத்துக்கொண்டு, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, ஊருக்குப் போய் வேறு ஏதாவது படிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆறாவது வாரம் அங்கே வேலை பார்த்த ஆய்வக உதவியாளர் ஒருவர், வயதில் மூத்தவர், என் பக்கத்தில் வந்து நின்று தன் கருவியை எடுத்து, என்னிடம் எதுவும் கேட்காமல், ‘இங்க பாரும்மா, முதல்ல ஒரு தட்டு தட்டும், அதோட நிறுத்து’ என்று காட்டினார். என் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்து அந்தத் தட்டை உணர வைத்தார். மூன்று தடவை. பிறகு தண்ணீரை எடுத்துத் தராசில் விடச் சொன்னார். 20 மைக்ரோலிட்டர் தண்ணீர் என்றால் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும், திரையில் 20 வந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் வேலைக்குப் போய்விட்டார். இன்று நான் அறிவியலில் இருப்பதற்கு அந்த ஒரு நிமிஷம்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது: முதல் வாரம் முழுவதையும், ‘எல்லோருக்கும் தெரிந்திருக்கும்’ என்று நீங்கள் நினைக்கிற விஷயங்களைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள், தெரியாதவர்களைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். கருவிகள் மட்டுமல்ல. ஆய்வகக் குறிப்பேட்டில் தப்பாகப் போனதையும் எழுத வேண்டும், பேராசிரியரின் அறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டலாம், கூட்டத்தில் புரியாவிட்டால் நிறுத்திக் கேட்கலாம், வழிகாட்டிக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது, ஒரு வாரம் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது தப்பில்லை, ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, சோதனைகளில் பெரும்பாலானவை தோற்கும், அது உன் தோல்வி இல்லை. இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் போடுவதில்லை. சில வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது காதில் விழுந்துவிடுகிறது, மற்ற வீடுகளில் அதற்கு வழியில்லை. நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

தரத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அவமரியாதை, அவர்கள் அதை முதல் நாளே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் யூரி ட்ரெய்ஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்த வேலைதான் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே கறுப்பின மாணவர்கள் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்தவர்கள்கூட. ஏன் என்று சக ஆசிரியர்களைக் கேட்டால், அக்கறை இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் படிப்புக்கு மதிப்பில்லை, வறுமை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ட்ரெய்ஸ்மன் யாருடைய காரணத்தையும் நம்பி உட்காரவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கிற இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், வீட்டிலும் ஊக்கம் இருந்தது, ஆனால் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டுப் பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள், பழைய தேர்வுத் தாள்களை அலசினார்கள், எல்லோருக்குமே வராத கணக்கு எது, தனக்கு மட்டும் வராதது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. ஒரு கணக்கு வராவிட்டால் குறை தன்னிடம் என்றுதான் நினைப்பார். மைக்ரோபிப்பெட்டோடு நான் நின்ற இடமும் அதுதான்.

அவர் அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று பெயர் போட்டு எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை. பாடத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, பேசிப் பேசிப் போட வைத்தார். அந்தக் குழுக்களில் இருந்தவர்களின் தேர்ச்சி ஏறியது, தோல்வி வெகுவாகக் குறைந்தது. கணக்கைக் கூட்டினார், தனிமையைக் குறைத்தார். அந்த வரிசையை அப்படியே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் அறிவிப்பில் இருக்கிற வார அட்டவணையைப் பார்த்தேன். எட்டு வாரத்தில் ஆறு வாரம் விரிவுரைகளும் விடை ஏற்கெனவே தெரிந்த செய்முறைகளும். இதை மாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விடை தெரியாத கேள்வியைக் கையில் கொடுத்தால்தான் ஒரு பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் என்ன என்று தெரியும், நான் இங்கே தேவைப்படுகிறேன் என்ற எண்ணமும் அப்போதுதான் வரும். 2008 முதல் அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களை வைத்து நடக்கிற சீ-ஃபேஜஸ் என்ற திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு மாணவரும் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வருவார். அதைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பாக்டீரியா வளர்கிற அகர் தட்டில் ஊற்றி வைப்பார்கள். ஓரிரு நாளில் தட்டு முழுக்கப் பாக்டீரியா மெல்லிய பாலாடைபோலப் படர்ந்திருக்கும், நடுவில் அங்கங்கே குண்டூசித் தலை அளவில் தெளிவான வட்டங்கள். பாக்டீரியாவைத் தின்கிற ஃபேஜ் என்ற வைரஸ் அந்த இடத்தில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது உலகத்தில் யாரும் இதற்கு முன் பார்க்காத வைரஸ். கண்டுபிடித்த மாணவரே அதற்குப் பெயர் வைக்கலாம்.

இதே வழியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-இல் ஒரு மாணவி, குப்பையில் அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு ஃபேஜை எடுத்தார். மட்டி என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தில் சேற்றோடு சம்பந்தப்பட்ட பெயர். அது மற்றவற்றோடு சேர்ந்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உறைபெட்டியில் கிடந்தது. சில வருஷம் கழித்து பிரிட்டனில் 15 வயதுப் பெண் ஒருவருக்கு, நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத தொற்று உடம்பெங்கும் பரவியது. உறைபெட்டிகளில் தேடிப் பொறுக்கிய மூன்று ஃபேஜ்களை அவருக்குக் கொடுத்தார்கள், மூன்றில் ஒன்று மட்டி. தொற்று நன்றாகக் குறைந்து அவர் தேறினார், 2019-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரு மாணவியின் பயிற்சி வேலை அது. அந்தப் பயிற்சியில் அவருக்கு விடை தெரிந்த செய்முறையைக் கொடுத்திருந்தால் அந்தக் கத்தரிக்காய் குப்பையிலேயே மக்கிப் போயிருக்கும். உங்களிடம் உயிரியல் ஆய்வகம் இருக்கிறது, மண் எல்லா இடத்திலும் இருக்கிறது. உங்கள் எட்டு வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. போன வருஷம் ஒரே ஒருவரைச் சேர்த்தீர்கள். அடுத்த வருஷம் தயவுசெய்து ஒருவரை மட்டும் சேர்க்காதீர்கள், நாலைந்து பேராவது ஒன்றாக வரட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் தும்மினாலும் அது அவர் சமூகத்தின் தும்மலாகிவிடுகிறது. அவர் ஒரு சோதனையைக் கெடுத்தால் ‘அவர்களுக்கு வராது’ என்று பேச்சு கிளம்பும், நன்றாகச் செய்தால் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் போடக் கூப்பிடுவார்கள். இரண்டுமே பாரம். பெல் பர்னெல்லே பின்னால் சொல்லியிருக்கிறார், கேம்பிரிட்ஜில் இருந்த நாட்களில் தன்னைத் தப்பாகச் சேர்த்துவிட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அனுப்புகிற நாளில் மனசாட்சி உறுத்தக் கூடாதே என்றுதான் அத்தனை கவனமாக வேலை செய்தாராம். அந்தக் கவனத்தில்தான் பதிவுத் தாளில் பல்சரின் அடையாளமாக இருந்த சின்னக் கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. நல்லவேளை அவர் தாங்கிக்கொண்டார். அதே பயத்தில் எத்தனை பேர் சொல்லாமல் போயிருப்பார்கள் என்பதற்கு எங்கும் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம், அறிவியல் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்காக 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம் இந்தத் தனிமையைத்தான் முதலில் உடைத்தது. கல்லூரி திறப்பதற்கு முன்பே கோடையில் எல்லோரையும் ஒன்றாகத் தங்க வைத்துப் படிக்க வைப்பார்கள், பிறகு நாலு வருஷமும் அந்தக் குழு கூடவே இருக்கும், ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள், பிஎச்.டி. என்பது ஆரம்பத்திலிருந்தே பேச்சில் இருக்கும். கோவிட் தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னணியில் இருந்த கிஸ்மெகியா கார்பெட் அங்கிருந்து வந்தவர்தான்.

தேர்வுக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள், பாதிப் பேருக்கு ஆண் பெயரில், பாதிப் பேருக்குப் பெண் பெயரில். பெண் பெயர் இருந்த விண்ணப்பத்துக்குத் திறமை மதிப்பீடும் குறைந்தது, தர முன்வந்த சம்பளமும் குறைந்தது, மதிப்பிட்டவர்களில் பெண்களும் அதையேதான் செய்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நீங்களும் நானும் அந்த 127 பேரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பெயர், கல்லூரி, ஊர் மூன்றையும் மறைத்துவிட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு மதிப்பிடுங்கள். ஒரு நாள் வேலை கூடும், அவ்வளவுதான்.

வீட்டாரிடமும் பேச வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், எப்போது கிடைக்கும்’ என்று ஓர் அம்மா கேட்டால் அது அறிவியலுக்கு எதிரான கேள்வி இல்லை, மிக நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பேராசிரியர் ஆவதற்கு நீண்ட காலம் பிடிக்கும், எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்காது. ஆனால் பரிசோதனைக்கூடங்கள், மருந்துத் தயாரிப்பில் தரக் கட்டுப்பாடு, கருவிப் பராமரிப்பு, தரவு ஆய்வு, காப்புரிமை, அறிவியல் எழுத்து, பள்ளி ஆசிரியர் வேலை என்று வழிகள் பல உண்டு, இடையில் எங்கே நிறுத்தினாலும் கையில் என்ன இருக்கும் என்றும் சொல்லுங்கள். எனக்கு வழிகாட்டிய அந்த ஆய்வக உதவியாளரும் அறிவியலில் வேலை பார்த்தவர்தான், அவரை நினைக்காமல் நான் அறிவியல் வேலை என்று ஒன்றைப் பற்றிப் பேச முடியாது.

ஒருநாள் சுற்றுலாக்களையும் ஊக்க உரைகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை, நானே நிறையப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள், கண் மின்னும், நாம் காரில் ஏறிப் போய்விடுவோம். மறுநாள் அவர்கள் யாரைக் கூப்பிடுவது? அந்தச் செலவில் பாதியை எடுத்து, பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் அடுத்த இரண்டு வருஷத்துக்கு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். மாதம் ஒரு போன், அடுத்த விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுக்க ஒரு மணி நேரம், அது போதும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோது தோன்றியது. போன வருஷம் போன அந்தத் தம்பியிடம் அதற்குப் பிறகு யாராவது பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள். ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம், உதவித்தொகையை முன்கூட்டியே கொடுக்கப் போகிறோம், உனக்கு இந்த வருஷம் ஓர் இடம் வைத்திருக்கிறோம், வருகிறாயா என்று மட்டும் கேளுங்கள். போன தடவை வேலை செய்த அந்த மூன்று வாரத்துக்கான தொகை அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கணக்குப் பிரிவில் பார்த்துவிடுங்கள்.